மூன்று மணிக் கட்டம்

ஜூலை 3, வியாழன்

இந்த நோட்டை செல்வின் சார் கொடுத்தார். சங்கிலி ஜெபத்தில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. அட்டையில் தன் கையாலேயே ‘வல்லமையுள்ள அன்றாட ஜீவியம்’ என்று சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதியிருக்கிறார். ஜெபம் முடிந்து வீட்டுக்குப் போனதும் ஆண்டவர் உள்ளத்தில் பேசியதை இதில் எழுத வேண்டுமாம். யாருக்கும் காட்ட வேண்டாம், உண்மையாக எழுதினால் போதும் என்றார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் அல்லவா, வீட்டுப்பாடம் கொடுக்காமல் அவரால் இருக்க முடியாது.

காலை ஆறு மணிக்கு ஒருவர் தொடங்க, மணிக்கு ஒருவராக மாறி, மாலை ஆறு வரை கோயிலை ஒட்டிய ஜெப அறையில் ஆள் இருந்துகொண்டே இருக்க வேண்டும். சாவி கைமாறும். சங்கிலி மட்டும் அறுபடக் கூடாது. இப்படி இருபத்தொரு நாள். மேஜைமேல் ஒரு பெரிய ரிஜிஸ்டர் கிடக்கிறது. கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ‘ஜெபித்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்று மணிக் கட்டத்துக்கு என் பெயரை என்னிடம் கேட்காமலே போட்டுவிட்டார். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செக்ரட்டரி மாட்டேன் என்றா சொல்லப்போகிறாள் என்ற நினைப்பு. யாருக்காக ஜெபம் என்பதை அப்புறம்தான் பார்த்தேன். ‘சகோதரி சுகிர்தத்தின் பூரண சுகத்துக்காக.’

சுகிர்தம் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த ஒரே தங்கை. அவள் வீட்டுப் பின்சுவரும் என் வீட்டுப் பின்சுவரும் ஒன்றுதான். அந்தச் சுவரை ஒட்டித்தான் என் தையல் மிஷின் கிடக்கிறது. நாங்கள் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது.

மூன்று மணிக்கு மோசஸ் அண்ணாச்சி சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். பையில் இரண்டு பிளவுஸ் கொண்டுபோயிருந்தேன். ஒன்றுக்கு ஓரம் மடித்து எம்மிங் போட வேண்டும், ஒன்றுக்கு ஊக்கு வைக்க வேண்டும். நாலு மணிக்கு ‘ஜெபித்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரூபி டீச்சர் வந்து சாவி வாங்கிக்கொண்டாள்.

ஆண்டவர் என்ன பேசினார் என்று எழுத வேண்டும். ஒன்றும் பேசவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஜெபித்தேன் என்று எழுதினேன். மூன்று பிளவுஸ் முடிந்தது.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு சுகிர்தத்தைப் பற்றிக் கேட்டார்கள். சொந்தக்காரி என்பதால் எனக்குத் தெரியும் என்று நினைப்பு. எனக்குத் தெரிந்ததும் ஊருக்குத் தெரிந்ததுதான். வயிற்றில் கட்டி. திருநெல்வேலியில் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடித் தைத்து, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் மகள் பெனிட்டா வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்கிறாள்.

மனசு இரங்கவில்லையா என்று ரூபி டீச்சர் கேட்டாள். இரங்கவில்லை. இந்த நோட்டை யாரும் பார்க்கப்போவதில்லை, ஆகவே எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் ஞானதுரைக்கு நெஞ்சில் வால்வு மாற்றியிருந்தது. இரத்தம் கட்டாமலிருக்க ஆயுசுக்கும் தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும். அப்படி இருந்த மனுஷனை, வாங்க அண்ணே என்று சுகமளிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவள் அவள். அதன்பின் அவர் மாத்திரையை விட்டார். நாற்பத்தொரு நாளில் போய்விட்டார்.

இப்போது அவளுக்காக நான் முழங்காலில் நிற்க வேண்டுமாம்.

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்கு ஒரு கூத்து.

நாலு மணிக்குக் கதவைத் திறக்கிறேன், பெனிட்டா வெளியில் நிற்கிறாள். கூடவே செல்வின் சார். அவர் முகமெல்லாம் வெளிச்சம்.

“அத்தை, மூணு மணிக்கு யாரு ஜெபிக்கான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. நாலஞ்சு நாளாவே மூணு மணியாச்சுன்னா வலி தணிஞ்சு தூங்கிருதாங்க. மத்த நேரம் ஒரு பொட்டுத் தூக்கம் கெடையாது.”

“பாத்தீங்களா சிஸ்டர்?” என்றார் சார். “நீங்க முழங்கால்ல நிக்கிற நேரம் அங்க வலி தணியுது. இதுக்குப் பேருதான் வல்லமை!”

என் பைக்குள்ளிருந்து ஒரு நூல்கண்டு உருண்டு விழுந்தது. பெனிட்டா குனிந்து எடுத்துக் கொடுத்தாள். நான் ‘ஆண்டவருக்கே மகிமை’ என்றேன். வேறென்ன சொல்ல? பழகிய வாய், தானாக வந்துவிட்டது.

ஜூலை 9, புதன்

செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. மோசஸ் அண்ணாச்சி சாவியைக் கொடுக்கும்போது தன் முட்டுவலிக்கும் சேர்த்து ஜெபிக்கச் சொன்னார். தபால்காரர் மனைவி பரீட்சைக்கு மகளை ஆசீர்வதிக்கச் சொல்லிக் கூட்டிவந்தாள். அந்தப் பிள்ளை தலையில் கை வைத்தேன். பிள்ளை கண்ணை இறுக்க மூடிக்கொண்டது.

இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டுதான் போனேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை 10, வியாழன்

இன்று பிளவுஸ் கொண்டுபோகவில்லை. ஊரே இப்படி நம்பும்போது ஒருநாளாவது ஜெபிப்போம் என்று முழங்கால் போட்டேன். இருபது வருஷமாகச் சங்கக் கூட்டங்களில் ஜெபிக்கிறவள் நான். ‘அன்பும் இரக்கமும் நிறைந்த பரம பிதாவே’ என்று தொடங்கினால் கால் மணி நேரம் தடையில்லாமல் போகும். போனது. மழைக்காக, பிஷப்புக்காக, வியாதியஸ்தருக்காக, மிஷனெரிகளுக்காக. அவளிடம் வந்ததும் ‘அந்தச் சகோதரியை’ என்றேன். பெயர் வாயில் வரவில்லை. மூன்று தடவை முயன்று பார்த்தேன்.

மிச்ச நேரம் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

மருந்துக்கடையில் பெனிட்டாவைப் பார்த்தேன். மெலிந்துபோயிருக்கிறாள். அவள் வாங்கிய மாத்திரை எதற்கு என்று கேட்டேன்.

“வலிக்கு அத்தை. காலைல எட்டு மணிக்கு ஒண்ணு, மத்தியானம் சாப்பிட்டு ரெண்டு மணிக்கு ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. போட்டா முக்கா மணி, ஒரு மணி நேரத்துல கேக்கும்னு டாக்டர் சொல்லிருக்காரு.”

இரண்டு மணிக்கு மாத்திரை. மூன்று மணிக்கு வலி தணிகிறது. கணக்குப் பண்ண ஹெட்மாஸ்டர் வேண்டாம்.

“அப்பம் மத்த மாத்திரைக்கும் தூங்கணுமே புள்ள?”

“தூங்க மாட்டாங்க அத்தை. மூணு மணிக்கு மட்டுந்தான். அதான் உங்க ஜெபம்னு சொல்லுதோம்.”

மதியம் சாப்பிட்ட களைப்பாக இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மருந்தும் ஆண்டவர் தந்ததுதானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஆண்டவர் செய்த நன்மையைச் சபைக்கு முன் சொல்லும் சாட்சி நேரத்தில் செல்வின் சார் என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்து முன்னால் போனேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கடைசியாகச் சாட்சி சொன்னதும் அதே இடம்தான். 

சொன்னேன். மூன்று மணிக்கு நான் ஜெபிக்கும்போது ஆண்டவர் அந்தச் சகோதரியின் வலியை எடுத்துப்போடுகிறார் என்றேன். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. பெனிட்டா கடைசி வரிசையில் நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருக்கும் அம்மாவுக்குக் காட்ட.



ஜூலை 14, திங்கள்

ஜெபித்தேன் என்று எழுதினேன்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்றே காலுக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். ஜெப நேரத்தில் யாரும் தட்டக் கூடாது. திறந்தால் பெனிட்டா. தலைகூடச் சீவவில்லை.

“அத்தை, அம்மா ஞாயித்துக்கிழமைலேருந்து மத்தியான மாத்திரையப் போட மாட்டேங்காங்க. நேத்துக் காலை மாத்திரையும் வேண்டாம்னுட்டாங்க. துடிக்காங்க அத்தை. வாய்க்குள்ள சேலையத் திணிச்சுக்கிட்டுக் கெடக்காங்க, சத்தம் வரக் கூடாதுன்னு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“ஏன் போட மாட்டேங்கா?”

“மதினி சபையில சொல்லிட்டாங்க, இனிமே நான் மாத்திரை போட்டா அவங்க சாட்சி பொய்யாயிருமேங்காங்க.”

 நீ போ, வருகிறேன் என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஆறாம் தேதி இதில் எழுதியது முழு உண்மை அல்ல. கூட்டத்துக்குக் கூட்டிப்போனவள் சுகிர்தம்தான். ஆனால் மாத்திரையை நிறுத்துங்கள் என்று அவள் சொல்லவில்லை. அங்கே ஜெபித்தவரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் நெஞ்சு லேசாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான்தான் எழுந்தேன். என் கணவருக்குப் பூரண சுகம், இப்போது மாத்திரைகூடக் கிடையாது என்று மைக்கில் சொன்னேன். அன்று காலையில்கூட நான்தான் மாத்திரை எடுத்துக் கொடுத்திருந்தேன். சொல்லிக்கொண்டே வரும்போது அந்த வார்த்தை சேர்ந்துகொண்டது. சபை ஸ்தோத்திரம் சொன்னது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதை வல்லமை என்று நினைத்தேன்.

இவர் ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். மாத்திரை டப்பாவை எடுத்துப் பீரோவுக்கு மேலே தூக்கி வைத்தார். “ஏட்டி, நீ சபையில சொல்லிட்ட. இனிமே நான் மாத்திரை போட்டா உன் சாட்சி பொய்யாயிரும்லா” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அந்த டப்பாவை இறக்கிக் கொடுக்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறினால் எட்டும் உயரம்தான்.

சுகிர்தம் மூன்று தடவை வந்து, அண்ணே மாத்திரையப் போடுங்க என்று கெஞ்சினாள். நீ விசுவாசமில்லாதவள் என்று அவளை நான்தான் வாசலோடு அனுப்பினேன். அடக்கத்தன்று ஊர் பார்க்க அவள் தோளைப் பிடித்து உலுக்கி, நீதானே கூட்டிட்டுப் போன, நீதானே கொன்ன என்று கத்தினேன். அவள் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை யாரிடமும் திறக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவள், அன்றிலிருந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

அதே வார்த்தை. அண்ணன் தங்கச்சிக்கு வார்த்தைகூட ஒன்றுதான்.

நாலு மணி வரை ஜெப அறையில் இருக்கவில்லை. ரூபி டீச்சரை போனில் கூப்பிட்டு முன்கூட்டியே வரச் சொல்லி, வழக்கம்போல ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினேன். அந்த வீட்டு வாசற்படி ஏறி ஒன்பது வருஷம். நிலையில் தலை இடித்துக்கொண்டேன்.

கட்டிலில் சுகிர்தம் சுவர்ப்பக்கமாகச் சுருண்டு கிடந்தாள். ஒரு சின்னப் பிள்ளை அளவுக்கு ஆகிவிட்டாள். என்னைப் பார்த்ததும் வாயிலிருந்த சேலையை எடுத்தாள்.

“வாங்க மதினி.”

உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொல்லிவிட்டேன். “சுகிர்தம், மாத்திரையப் போடு. நான் ஒரு நாள்கூட உனக்காக ஜெபிக்கல. உள்ள உக்காந்து ஊக்கு வச்சுக்கிட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை சொன்னது பொய். உங்க அண்ணன் விஷயத்துல சொன்னதும் பொய்தான். கொன்னது நீ இல்ல, நான்.”



“ஊக்கா வச்சிய?” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வலியில் முகம் கோணியது. “மதினி, இந்தக் கட்டிலு உங்க மிஷினுக்கு நேராக் கெடக்கு. ஒம்பது வருஷமா அந்தச் சத்தத்தக் கேட்டுட்டுதான் படுத்திருக்கேன். நீங்க கோவமா மிதிக்கது, மெதுவா மிதிக்கது எல்லாம் எனக்குத் தெரியும். இந்த ரெண்டு வாரமாத்தான் மூணு மணியானா சத்தம் நிக்குது. எனக்காக மதினி மிஷின நிறுத்திட்டுப் போறாங்களேன்னு நெனப்பேன். ஒறக்கம் வந்திரும். அது நெசந்தானான்னு அறியத்தான் பெனிட்டாவ அனுப்பினேன்.”

நான் அழுதேன். சங்கத்தில் அழுவதுபோல் இல்லை. மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதேன்.

பெனிட்டா மாத்திரையை என் கையில் கொடுத்தாள். சுகிர்தத்தின் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். இவருக்குக் கொடுக்காமல் விட்ட மாத்திரை கண்முன் வந்தது. அவள் விழுங்கிவிட்டு, “எங்கிட்ட இதச் சொல்லணும்னு இல்ல மதினி. அண்ணன் ஏன் மாத்திரைய விட்டாங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமே” என்றாள். அவள் தூங்கும் வரை இருந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 16, புதன்

மூன்று மணிக்கு ஜெப அறை. முழங்கால் போட்டேன். ‘அன்பும் இரக்கமும்’ வரவில்லை. ‘சுகிர்தம்’ என்றேன். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போடும்போது முந்தைய கட்டங்களைப் பார்த்தேன். அழகான கையெழுத்து என்னுடையது.

ஜூலை 18, வெள்ளி

ஜெப அறையிலிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போகிறேன். நேற்றுத் தலைக்கு எண்ணெய் வைத்தேன். இன்று கஞ்சி இரண்டு கரண்டி இறங்கியது. இடுப்பில் புண் வந்திருக்கிறது. பெனிட்டாவும் நானும் புரட்டிப் போட்டோம். அவள் நைட்டி எல்லாம் தலைவழி போடுவது, கையைத் தூக்கினால் உயிர் போகிறது. நான்கை எடுத்து வந்து முன்பக்கம் வெட்டி நாடா வைத்துத் தைத்தேன். மூன்று மணிக்கு முன்னாலேயே முடித்துவிட்டேன்.

வலி தணியவில்லை. நான் உண்மையாக ஜெபிக்கத் தொடங்கிய பிறகு மூன்று மணிக்கும் வலிக்கிறது. டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். ஆண்டவர் கணக்கு எனக்குப் புரியவில்லை. கோபமாக இருக்கிறது. கோபத்தையும் அங்கேயே முழங்காலில் நின்று சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

சாட்சி நேரத்தில் யாரும் கூப்பிடாமலே எழுந்தேன்.

வல்லமை என்றால் குரல் ஓங்குவது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இன்று குரலே இல்லை. கால் மட்டும் எப்படியோ நின்றது. போன வாரம் நான் சொன்ன சாட்சி பொய் என்றேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொன்னதும் பொய், என் வீட்டுக்காரர் அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் மாத்திரையை விட்டார், சுகிர்தத்தின்மேல் ஒரு குற்றமும் கிடையாது என்றேன். ரிஜிஸ்டரில் ஜூலை பதினைந்து வரை என் கட்டங்களில் இருப்பதும் பொய் என்றேன்.

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.  குருவானவர் எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டு, ஜெபிப்போம் என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் செல்வின் சார், “சிஸ்டர், எங்கிட்டத் தனியாச் சொல்லிருக்கலாம். சபையில வச்சா இப்படி?” என்றார். சபையில் சொன்ன பொய்யை வேறெங்கே போய்த் திருப்பி எடுப்பது என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். செக்ரட்டரி பொறுப்பை ரூபி டீச்சரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

மோசஸ் அண்ணாச்சி மட்டும் வாசல்வரை கூட வந்தார். “அப்பம் என் முட்டுக்கு ஜெபிச்சது?”

“அதுவும் இல்ல அண்ணாச்சி.”

“நல்லாக் கொறஞ்சிருக்கே!” என்று காலை மடக்கி நீட்டிக் காட்டினார். எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. சுகிர்தத்திடம் போய்ச் சொன்னேன். அவளும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் இந்த ஒன்பது வருஷத்தில் முதல் தடவை.

ஜூலை 21, திங்கள்

கஞ்சி இறங்கவில்லை. ஜெபித்தேன்.

ஜூலை 23, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று மூன்று மணிக்கு அண்ணாச்சியிடம் சாவி வாங்கி உள்ளே போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம்கூட இல்லை, பெனிட்டா போன். அத்தை என்று மட்டும் சொன்னாள். அப்படியே கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். சாவியை யாரிடமும் கொடுக்கத் தோன்றவில்லை, இடுப்பில் செருகியிருந்தது.

சுகிர்தத்துக்கு மூச்சு வேறுமாதிரி வாங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“மணி என்ன?”

“மூணு.”

“நீங்க கோயில்ல இருக்கணுமே மதினி?”

“இங்கதான் இருக்கேன் சுகிர்தம்.”

அப்புறம் பேசவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். பெனிட்டா காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஜெபித்தேனா என்று கேட்டால், தெரியாது. ஆண்டவரே, சுகிர்தம். ஆண்டவரே, சுகிர்தம். இரண்டு வார்த்தைதான். அவள் மூச்சு உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. ஒரு தடவை ‘ஆண்டவரே’ என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மூச்சு வெளியே வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது.

இன்று காலை பதினோரு மணிக்கு அடக்கம். அவள் அண்ணன் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. மண் போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் இரண்டு பெண்கள் பேசியது காதில் விழுந்தது. “நேத்து மூணு மணிக்கு ஜெப அறைல ஆளே இல்லையாம். ரூபி டீச்சர் வந்து பாத்தா பூட்டிக் கெடக்காம், அந்த வீட்டுல போய்ச் சாவி வாங்கிட்டு வந்துதான் தொறந்தாளாம். இன்னும் ஒரு நாளு இருந்துச்சு, அதுக்குள்ள சங்கிலிய அறுத்துட்டா. அதான் அந்த நேரத்துலயே உயிரும் போயிட்டு.”

பெனிட்டாவும் கேட்டுவிட்டாள். பதில் சொல்லத் திரும்பினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“இருக்கட்டும் புள்ள.”

“அத்தை, நீங்க எங்ககூடதான இருந்தீங்க?”

“உங்க அம்மா ஒம்பது வருஷம் சும்மா இருந்தா.”

மறுபடியும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேருமாக ஒரு கைப்பிடி மண் போட்டோம்.

ஜூலை 24, வியாழன்

காலையில் செல்வின் சார் வந்தார். கையில் ரிஜிஸ்டர். உட்காரச் சொன்னேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு இருபத்திரண்டாம் தேதிப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். இருபது நாள், நாளுக்குப் பன்னிரண்டு கட்டம். எல்லாவற்றிலும் ‘ஜெபித்தேன்’ இருக்கிறது. ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது.

“ஆபீசுல கொண்டு வைக்கணும் சிஸ்டர். ஒரு கட்டம் விட்டுப்போனா பின்னால பாக்கிறவங்க ஒரு மாதிரிப் பேசுவாங்க. நீங்க அங்க அவங்ககூடத்தான் இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு கையெழுத்தப் போட்டிருங்க.” பேனாவையும் திறந்து நீட்டினார். நல்ல மனசோடுதான் நீட்டினார்.

பேனாவை வாங்கினேன். பக்கத்தைப் பின்னால் புரட்டி, மூன்றாம் தேதி முதல் பதினைந்து வரை என் கட்டங்களில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தேன். பதின்மூன்று. அவர் தடுக்கவில்லை. இருபத்திரண்டாம் தேதிக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ரிஜிஸ்டரை மூடிக் கொடுத்தேன்.

“அது அப்படியே இருக்கட்டும் சார்.”

அவர் ரிஜிஸ்டரை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிறகு, “நோட்டு இன்னும் எழுதுறீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கல்யாண வீட்டு பிளவுஸ் ஆறு பாக்கி. நாளைக்குக் கேட்டிருக்கிறார்கள். மத்தியானம் சாப்பிட்டதும் மிஷினில் உட்கார்ந்தேன். இரண்டு பிளவுஸ் ஓடியது. மூன்று மணிக்கு மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலைப் பிரித்துக் கழுவி வெயிலில் போட்டிருக்கிறாள் பெனிட்டா. கேட்பதற்கு ஆள் இல்லை. நாலு மணி வரை மிஷினைத் தொடவில்லை.